கொடுத்த கையை விடாத நோய்

என் கடைக்கு வரும் ஒருவர் கை குலுக்கினால் சட்டென்று விடமாட்டார். பிரியம் என்றே நினைத்திருந்தேன். "விட முடியலீங்க" என்று ஒருநாள் அவரே சொன்ன பிறகுதான் மயோடோனிக் டிஸ்ட்ரோபி பற்றித் தேடிப் படித்தேன்.

டி.என்.ஏ. பேரேடு என்றால், அதைப் பார்த்து எழுதும் துண்டுச்சீட்டு ஆர்.என்.ஏ. சீட்டுப்படிதான் புரதம் தயாராகும். டி.எம்.பி.கே. மரபணுவின் கடைசிப் பகுதியில் சி.டி.ஜி. என்னும் மூன்றெழுத்து சாதாரணமாக 5 முதல் 34 தடவை வரும். இந்த நோயில் 50-க்கு மேல். சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். 1992-இல் இது தெரிந்தது. ஆனால் அந்தப் பகுதி புரதத்துக்கான குறிப்பே அல்ல! பின் எப்படிக் கெடுதல்?

கெடுப்பது சீட்டேதான். நீண்டுபோன சீட்டு உட்கருவிலேயே தங்கி, மஸில்பிளைண்ட் என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மற்றச் சீட்டுகளை வெட்டி ஒட்டிச் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை அதுதான். அது இல்லாமற்போனால், தசையை அமைதிப்படுத்தும் குளோரைடு வாயிலின் சீட்டு சிசுப்பருவப் பாணியிலேயே நிற்கிறது. வாயில்கள் குறைகின்றன, சுருங்கிய தசை தளர நேரமாகிறது.

தலைமுறைதோறும் மூன்றெழுத்து நீள்வதுண்டு. தாத்தாவுக்கு வெறும் கண்புரை, மகனுக்குக் கைப்பிடிப்பு, பேரனுக்குச் சிறுவயதிலேயே தளர்ச்சி என்றும் வரலாம். இருதயத் துடிப்பும் தடுமாறும். ஆகவே வருஷாவருஷம் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், எந்த ஆபரேஷனானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம்மவர் இப்போது தம்பியையும் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்.