டீசல் எஞ்சினைக் கையால் சுழற்றுதல்

டீசல் எஞ்சினைக் கையால் சுழற்றுதல் என்பது, ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பயன்படுத்தாமல், கிராங்க் தண்டின் முன்முனையில் உள்ள போல்ட்டில் ஸ்பேனர் பொருத்தி எஞ்சினை மெல்லச் சுற்றும் பராமரிப்பு முறையாகும். எஞ்சினை ஓடவைப்பது இதன் நோக்கம் அன்று. வால்வு இடைவெளியைச் சரிசெய்தல், டைமிங் செயினின் தேய்மானத்தை அறிதல், நெடுநாள் நின்ற எஞ்சின் தடையின்றிச் சுழல்கிறதா எனப் பார்த்தல் ஆகிய வேலைகளுக்கு இது தேவைப்படுகிறது. எஞ்சினுக்குள் ஏதேனும் தடை இருந்தாலும் ஸ்டார்ட்டர் மோட்டார் முழு விசையோடு சுழற்றவே முயலும். கையோ அந்தத் தடையை உணர்ந்து நின்றுவிடும். இதுவே இம்முறையின் முதன்மையான பயன்.

இங்கு மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்த 300 டி கார் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. 1976இல் அறிமுகமான இவ்வரிசையின் 300 டி காரில் ஓஎம் 617 என்ற ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது.

அழுத்தமும் விசையும்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வேலையைச் செய்வது, அழுத்தப்பட்டதால் சூடேறிய காற்று. இதற்காகக் காற்று மிகக் குறுகிய இடத்துக்குள் அடக்கப்படுகிறது. ஓஎம் 617 எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 21:1. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 600 கன செ.மீ. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது காற்றுக்கு எஞ்சும் இடம் சுமார் 30 கன செ.மீ. மட்டுமே.

பிஸ்டனின் விட்டம் 90.9 மி.மீ. அதன் மேல் 20 பார் அழுத்தம் இருந்தால், 1.3 டன் எடையை ஏற்றி வைத்ததற்குச் சமமான விசை அதை அழுத்தும். மெதுவாகச் சுற்றும்போது காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே சிறிது சிறிதாகக் கசிவதால் தடை இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்த வீச்சு வரும்போது ஸ்பேனர் இறுகும். அதைக் கடந்ததும் திடீரென இளகும். கை வழுக்கிக் காயம் ஏற்படுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

ஆகவே முதலில் க்ளோ பிளக்குகளைக் கழற்றிவிடுவது நல்லது. அந்தத் துளைகளின் வழியே காற்று வெளியேறிவிடும். எஞ்சினும் சீராகச் சுழலும். நீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினைக் கைப்பிடியால் இயக்கும்போது, அழுத்தத்தை விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

செய்முறை

1. காரைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். தானியங்கி கியர் உள்ள காரில் பார்க் நிலையிலும் வைக்கலாம்.

2. பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். வேலை நடக்கும்போது வேறொருவர் சாவியைத் திருப்பிவிட்டால் ஸ்பேனரும் கையும் மின்விசிறிக்குள் சிக்கக்கூடும்.

3. எஞ்சின் ஆறிய பின் க்ளோ பிளக்குகளைக் கழற்ற வேண்டும். துளைகளுக்குள் தூசி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. கிராங்க் புல்லியின் நடுவிலுள்ள போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட்டை, நீட்டிப்புக் கம்பியுடன் பொருத்த வேண்டும்.

5. காரின் முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் மெல்லச் சுற்ற வேண்டும்.

எதிர்த்திசையில் சுற்றக் கூடாது. அப்படிச் சுற்றினால் டைமிங் செயின் தொய்வடையலாம்; கிராங்க் போல்ட்டும் தளரலாம். குறித்த இடத்தைத் தாண்டிவிட்டால், மேலும் இரண்டு சுற்று முன்னோக்கிச் சுற்றி அதே இடத்துக்கு வர வேண்டும். கைக்கு எட்டுவது எளிது என்பதற்காகக் கேம் தண்டின் போல்ட்டைப் பிடித்துச் சுற்றுவதும் தவறு. முழு எஞ்சினையும் இழுக்கும் சுமை அப்போது அந்தச் சிறிய போல்ட்டின் மீதும் செயினின் மீதும் விழுகிறது.

பயன்கள்

வால்வு இடைவெளி: கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றினால் கேம் தண்டு ஒரு முறை சுற்றும். அதற்குள் பத்து வால்வுகளையும் சரிபார்த்துவிடலாம். எந்த வால்வைச் சரிபார்க்க வேண்டுமோ அதன் கேம் முனை மேல்நோக்கி வரும்வரை சுற்றி நிறுத்தி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ஆறிய நிலையில் உள்வால்வுக்கு 0.10 மி.மீ., வெளிவால்வுக்கு 0.30 மி.மீ. இருக்க வேண்டும். டர்போ வகையில் வெளிவால்வுக்கு 0.35 மி.மீ. இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுமையாக மூடாது. அழுத்தம் குறைவதால் குளிர்ந்த எஞ்சினை இயக்குவது கடினமாகும். நாளடைவில் வால்வின் விளிம்பும் கருகும்.

செயின் தேய்மானம்: கேம் தண்டின் குறியும் அதன் தாங்கியில் உள்ள குறியும் நேர்ப்படும் இடத்தில் நிறுத்தி, கிராங்க் புல்லியின் பாகை அளவைப் பார்க்க வேண்டும். உச்சிப்புள்ளியைத் தாண்டி எத்தனை பாகை காட்டுகிறதோ, அந்த அளவுக்குச் செயின் நீண்டு கேம் தண்டு பின்தங்கியிருக்கிறது. டீசல் பம்பையும் அதே செயின்தான் சுழற்றுகிறது என்பதால் எரிபொருள் தெளிக்கும் நேரமும் தள்ளிப்போகும்.

டைமிங் பெல்ட் மாற்றிய பின்: செயினுக்குப் பதிலாகப் பெல்ட் உள்ள டீசல் எஞ்சின்களில், புதிய பெல்ட்டைப் பொருத்தியதும் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் மீண்டும் நேர்ப்படுகின்றனவா எனப் பார்ப்பது கட்டாயம். பெல்ட் சில பற்கள் தள்ளி மாட்டப்பட்டிருந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். கையால் சுற்றும்போது அது ஒரு முட்டலோடு நிற்கும். ஸ்டார்ட்டரால் சுற்றினால் வால்வு வளைந்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. இப்படி மூழ்கிய காரின் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். காற்றைப் போல நீர் சுருங்காது. ஓஎம் 617 போன்ற எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குள் 30 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமான நீர் இருந்தாலே பிஸ்டன் உச்சிக்குச் செல்ல வழியில்லை. அந்நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். க்ளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் அந்தத் துளைகளின் வழியே நீர் வெளியேறும். எண்ணெயில் நீர் கலந்திருக்கிறதா என்பதையும் பார்த்து, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.

சுழலாத எஞ்சின்

க்ளோ பிளக்குகளைக் கழற்றிய பிறகும் எஞ்சின் ஓரிடத்தில் நின்றுவிட்டால், ஸ்பேனரில் குழாயை மாட்டி நீட்டி விசையைக் கூட்டக் கூடாது. பிஸ்டன் வளையங்கள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம், வால்வு சிக்கியிருக்கலாம், ஏதேனும் ஒரு பொருள் உள்ளே விழுந்திருக்கலாம். நெடுநாள் நின்ற எஞ்சினாக இருந்தால் ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து மீண்டும் முயலலாம். அப்போதும் அதே இடத்தில் நின்றால், சிலிண்டர் தலையைத் திறந்து காரணத்தைக் கண்டறிவதே முறையான வழி.