பத்துப் படி வெளிச்சம்

கோல சிலாங்கூரில் நண்பகல் வெயில் நேராக விழும்போது ஒளியின் அளவு ஏறத்தாழ 100,000 லக்ஸ். அதே இடத்தில், முழுநிலவு காயும் இரவில், அது ஒரு லக்ஸில் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டுக்கும் நடுவே 500,000 மடங்கு இடைவெளி. நம் கண் இரண்டிலும் பாதையைக் கண்டுகொள்கிறது. தலைக்கவசத்தில் மாட்டிய ஆக்‌ஷன் கேமராவால் அது முடியாது. பகலில் அருமையாகப் படம் பிடித்த கேமரா, இரவானதும் புள்ளி புள்ளியாகக் கலங்கிய காட்சியைத் தருவதற்குக் காரணம் பழுதல்ல, இந்த இடைவெளிதான்.

ஒளி இரண்டு மடங்காவதையும் பாதியாவதையும் படக்கலைஞர்கள் ‘ஸ்டாப்’ என்பார்கள். நாம் அதைப் படி என்று வைத்துக்கொள்வோம். வெயிலிலிருந்து நிலவொளிக்கு இறங்க ஏறத்தாழ 19 படிகள். கண்ணின் பாவை விரிந்து சுருங்கி இதில் நான்கு படிகளைத்தான் சமாளிக்கிறது. மீதியை விழித்திரையே பார்த்துக்கொள்கிறது. இருளுக்கு முழுமையாகப் பழக அதற்கு அரை மணி நேரம் ஆகும்.

பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களின் பாவையோ விரியாது, சுருங்காது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குவியத் தூரம், எஃப் 2.8 துளை என்று எடுத்துக்கொண்டால், ஒளி நுழையும் வாசலின் அகலம் ஒரு மில்லிமீட்டர்தான். இருளில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும் கண் பாவையின் பரப்பு அதைப்போல் 49 மடங்கு. ஆகவே கேமராவுக்கு எஞ்சியவை இரண்டு திருகுகள்: எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்ற ஷட்டர், கிடைத்த சமிக்ஞையை எவ்வளவு பெருக்குவது என்ற ஐ.எஸ்.ஓ.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100-இல், எஃப் 2.8 துளைக்குத் தேவையான ஷட்டர் நேரம் 1/3200 விநாடி. விநாடிக்கு 25 படங்கள் எடுக்கும்போது அதை 1/50 விநாடி வரை நீட்டலாம்: ஆறு படிகள். ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை ஏற்றலாம்: நான்கு படிகள். ஆகமொத்தம் பத்து. தெருவிளக்கு எரியும் சாலையில் 10 லக்ஸ் இருந்தால், வெயிலிலிருந்து அது 13 படி கீழே. மூன்று படி பற்றாக்குறை. விளக்கே இல்லாத தோட்டச் சாலையில் நிலவு மட்டும் இருந்தால் ஒன்பது படி பற்றாக்குறை.

பகலில் ஒளி மிஞ்சிக் கிடக்கிறது. அதனால் ஷட்டர் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கப்சாய் மோட்டார்சைக்கிள் விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. 1/50 விநாடியில் 33 சென்டிமீட்டர்; 1/1000 விநாடியில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 100 சுற்று. 1/50 விநாடிப் படத்தில் இரண்டு முழு அதிர்வுகள் பதிந்து மங்கலாகும். 1/1000 விநாடிப் படத்தில் ஒரு அதிர்வின் பத்தில் ஒரு பங்குதான் பதியும். ஆட்டத்தைச் சமன்செய்யும் மென்பொருள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான நகர்வைத் திருத்தும். ஒரே படத்துக்குள் ஏற்கெனவே கலைந்துவிட்டதை அதனால் திருத்த முடியாது. இரவுப் படம் துடிதுடிப்பதற்கு இதுவே காரணம். கைப்பிடியில் மாட்டுவதைவிடத் தலைக்கவசத்திலோ மார்பிலோ மாட்டுவது நல்லது. எஞ்சினின் அதிர்வை உடம்பே வாங்கிக்கொள்ளும்.

செகிஞ்சான் வயல்வெளி போன்ற திறந்த சாலையில், காட்சி வழுக்கிச் செல்ல வேண்டும் என்று விரும்புவோர் என்.டி. வடிகட்டி மாட்டுவார்கள். அது லென்ஸுக்கு இடப்படும் கருப்புக் கண்ணாடி. என்.டி. 32 ஐந்து படிகளைக் குறைத்து, 1/3200-ஐ 1/100 ஆக்கிவிடும். அங்கே அது அழகுதான். ஆனால் தோட்டத்துக்குள் நுழையும்முன் கழற்றிவிட வேண்டும்.

தோட்டத்துக்குள் ஒளியின் கதையே வேறு. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே பத்தாங் பெர்ஜுந்தாய், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். மரத்துக்கு மரம் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் விட்டு நடும் வழக்கம், நமது கேமராவுக்கு ஒரு கடினமான தேர்வை வைக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு ஒரு மரத்துக்கு மேல் கடக்கிறோம். நிழல், வெயில், நிழல், வெயில் என்று வெளிச்சம் அதே தாளத்தில் அடிக்கிறது. தானியங்கி அளவீடு ஒவ்வொன்றையும் துரத்தி ஓடி, படத்தை ஏற்றி இறக்கி மூச்சு வாங்கவைக்கும். வெளிச்சத் திருத்தத்தை அரைப் படி குறைத்து, ஐ.எஸ்.ஓ.வுக்கு 400 என்று உச்சவரம்பு போட்டுவிட்டால், கேமரா வெயில் பட்ட மண்சாலையைக் காப்பாற்றும். நிழல் நிழலாகவே இருக்கும்.

பகலும் இரவும் மாறும் நேரம் இங்கே மிகக் குறுகியது. நிலநடுக்கோட்டிலிருந்து மூன்றே பாகை வடக்கில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. ஆண்டு முழுவதும் மாலை ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் மறைந்து, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் அந்தி முடிந்துவிடும். புக்கிட் ரோத்தானில் பகல் அமைப்போடு கிளம்பியவர் பெஸ்தாரி ஜெயா போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடலாம்.

இரவு வந்ததும் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் போதாதா? ஐ.எஸ்.ஓ. ஒளியைக் கூட்டுவதில்லை. ஒளி துகள்களாக வருகிறது. அந்த வரவில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது ஒரு விழுக்காடு. 100 துகள்கள் மட்டுமே விழுந்தால் அது 10, அதாவது பத்து விழுக்காடு. பெருக்கும்போது படத்தோடு இந்தத் தடுமாற்றமும் பெருகுகிறது. இருளில் மொய்க்கும் வண்ணப் புள்ளிகள் கேமராவின் குற்றம் மட்டுமல்ல, ஒளியின் இயல்பும்கூட.

அடுத்தது விளக்குகள். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/50 விநாடி ஷட்டர் சரியாக இரண்டு துடிப்புகளை வாங்கிக்கொள்ளும். 1/60 விநாடி ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான அரைகுறைத் துடிப்பை வாங்குவதால் படம் மினுக்கும், பட்டை விழும். ஆகவே அமைப்பில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்து, விநாடிக்கு 25 படம், 1/50 ஷட்டர் என்று பூட்டுங்கள். வண்ணச் சமநிலையையும் 4,000 கெல்வினில் நிறுத்திவிட்டால், மஞ்சள் சோடியம் விளக்கைக் கடந்து வெள்ளை எல்.இ.டி.க்குள் போகும்போது சாலை நிறம் மாறி மாறித் தாவாது.

இனி அந்த மூன்று படிப் பற்றாக்குறை. அதை நிரப்ப முயலவே வேண்டாம் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் பாடம். கேமரா பெரும்பகுதி இருளைப் பார்த்து, எல்லாவற்றையும் வெளுப்பாக்கப் பார்க்கும். நமது நம்பர் பிளேட்டில் பெரும்பாலும் கருப்பின்மேல் வெள்ளை எழுத்து. முன்விளக்கு பட்டதும் அந்த வெள்ளை பொங்கி எண்ணை விழுங்கிவிடும். வெளிச்சத் திருத்தத்தை ஒரு படி குறைத்தால் காடு கருப்பாகும், எண் தெளிவாகும். இரவு இரவாகத் தெரிவதே உண்மையான படம்.

கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் சேர்ந்து மினுக்கும் மின்மினிகள் இந்தப் பத்துப் படிக்கு வெளியே வாழ்பவை. அவற்றின் ஒளி துணையை அழைக்கும் மொழி; செயற்கை வெளிச்சம் அதைக் குலைக்கிறது. அங்கே ஃபிளாஷ் போடத் தடை இருப்பது நியாயம். ஆற்றங்கரையில் மோட்டார் விளக்கையும் அணைத்துவிட்டு, கண்ணை இருளுக்குப் பழகவிட்டுப் பார்க்க வேண்டிய காட்சி அது.

இந்தக் கணக்கெல்லாம் அழகுக்காக மட்டுமல்ல. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். ஓட்டிகள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. ஒரு விபத்துக்குப் பின் யார் எங்கே திரும்பினார் என்பதைச் சொல்ல, தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு அந்தச் சிறு கேமரா மட்டுமே சாட்சியாக இருக்கக்கூடும். அதனால் ‘பகல்’, ‘இரவு’ என்று இரண்டு அமைப்புகளைச் சேமித்து வையுங்கள். மாற்றுவதை வண்டியை ஓரமாக நிறுத்தியபின் செய்யுங்கள். ஓடும்போது இரு கைகளும் கைப்பிடியிலேயே இருக்கட்டும்.