ஒரே நிலவு, எத்தனை திருவிழா! யாழ்ப்பாணத்துப் பூரணைகள் பற்றித் தெரியுமா?

ஒரு பாத்திரம். ஆண்டு முழுவதும் பொய்கையின் அடியில் கிடக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு நாள், புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று, நீருக்கு மேலே எழுந்து வருகிறது. அதில் இட்ட சோறு எடுக்க எடுக்கக் குறையாது. அந்தப் பாத்திரத்தின் பெயர் அமுதசுரபி என்பது எல்லோருக்கும் தெரியும். அது எழுந்த இடம் எங்கே இருக்கிறது தெரியுமா?

புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை தூரத்தில், கடல் நடுவே, மணிபல்லவத் தீவில் என்கிறது மணிமேகலை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே இன்றைக்கும் படகு ஏறிப் போகிற நயினாதீவுதான் அந்த மணிபல்லவம் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். சில சதுர கிலோமீற்றர் மட்டுமே உள்ள சின்னஞ்சிறு தீவு! அதில் நாகபூசணி அம்மன் கோயிலும் இருக்கிறது, நாகதீப விகாரையும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

இன்னும் கேளுங்கள். இரண்டு நாக மன்னர்கள் ஓர் ஆசனத்துக்காகப் போர் தொடுத்தார்கள். புத்தர் நேரில் வந்து சண்டையைத் தீர்த்துவைத்தார். இந்தக் கதையைப் பாளி மொழியில் மகாவம்சம் சொல்கிறது. மகோதரன், சூளோதரன் என்று அந்த மன்னர்களுக்குப் பெயரும் வைத்து, இடம் நாகதீபம் என்கிறது. தமிழில் மணிமேகலையும் இதே கதையைச் சொல்கிறது, இடம் மணிபல்லவம் என்கிறது. இரண்டு மொழி, இரண்டு நூல், ஒரே ஆசனம்! புத்தர் இலங்கைக்கு மூன்று முறை வந்தார் என்பது பௌத்தர் நம்பிக்கை. அதில் இரண்டாவது வருகை இந்த மண்ணுக்கு. இலங்கைப் பௌத்தர் வணங்கும் பதினாறு புனிதத் தலங்களின் வரிசையில் நாகதீபம் இரண்டாவதாக நிற்பது அதனால்தான்.

வைகாசிப் பூரணையான வெசாக் என்றதும் திபெத்தையும் லடாக்கையும் நினைக்கிறோம். கயிலை மலையடியில் சகா தாவா பூரணையன்று தார்போச்சே கொடிமரத்தைப் புதிதாக நிமிர்த்துவார்கள். அதைப் பார்க்க உலகமே புறப்பட்டுப் போகிறது. போகட்டும், பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தப் பூரணைக்குத் தமிழில் ஒரு காப்பியமே சாட்சி சொல்கிறது, அந்தக் காப்பியம் காட்டும் தீவு குறிகாட்டுவான் துறையிலிருந்து கால் மணி, இருபது நிமிடப் படகுத் தூரத்தில் இருக்கிறது என்றால், நாம் முதலில் போக வேண்டிய இடம் எது?

பயணத்தைத் திட்டமிட ஒரே ஒரு சாவி போதும்: நிலவு. இமயத்தின் மடங்களும் நிலவைப் பார்த்துத்தான் விழா நாள் குறிக்கின்றன, யாழ்ப்பாணத்துக் கோயில்களும் அப்படித்தான். இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை. ஒரு காலத்தில், 1966 முதல் 1971 வரை, அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே கிடையாது, போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன என்பது தெரியுமா? பள்ளிக்கூடமும் கந்தோரும் நிலவைப் பார்த்துத் திறந்து மூடின! இன்றைக்கும் போயா அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டியிருக்கும். பயணம் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வருவதுதான் என்னை உட்கார விடாத சங்கதி. போயா நாட்காட்டியை விரித்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் பஞ்சாங்கத்தையும் விரியுங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனின் பதினாறு நாள் திருவிழா, ஆனிப் பூரணையை ஒட்டித் தீர்த்தத்தோடு நிறைகிறது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு ஆவணிப் பூரணையில் தீர்த்தம். வல்லிபுரத்து ஆழ்வாருக்குப் புரட்டாதிப் பூரணையில் கடல் தீர்த்தம். அம்மன், முருகன், மாயவன் என்று மூன்று பெரிய திருவிழாக்கள், மூன்றும் பூரணையில் போய் முடிகின்றன. அந்தப் பூரணை ஒவ்வொன்றும் பௌத்தர்களுக்குப் போயா! காலையில் அம்மன் தீர்த்தமாடுகிற அதே தீவில், அன்று மாலையே விகாரையில் விளக்குக்கு எண்ணெய் வார்க்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

அமாவாசையும் சும்மா இல்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் விழா, ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு முடிகிறது. அதற்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடியேற்றம். விழாவின் இருபத்தைந்தாம் நாள், ஆவணி அமாவாசையன்று நல்லூரில் தீர்த்தம். அந்தக் கொடி இறங்கிய கையோடு சந்நிதியில் கொடி ஏறும். சந்நிதி பூரணையில் முடிய, அடுத்த அமாவாசை கழிந்ததும் வல்லிபுரத்தில் விழா தொடங்கிவிடும். யாரோ திட்டமிட்டுக் கோத்துவைத்த மணிமாலை மாதிரி இல்லையா? விடுப்புக் கிடைக்கிறவர்கள் ஆடி அமாவாசையிலிருந்து புரட்டாதிப் பூரணை வரை குடாநாட்டை விட்டு நகரவே தேவையில்லை.

சரி, எப்படிப் போவது? தமிழ்நாட்டிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு என் மனதுக்குப் பிடித்த வழி ஒன்றுதான்: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவை இது. இடையில் நின்று 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. காலநிலை மோசமானால் நின்றுவிடும் என்பதால் பயண நாளை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து விமானமும் உண்டு. ஆனால் நாகப்பட்டினம் வெறும் துறைமுகம் அல்ல. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் சூடாமணி விகாரையை எழுப்பிய ஊர் அது! சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர் சிலைகள் மட்டும் முந்நூற்றுக்கு மேல். ஆக உங்கள் பௌத்தப் பயணம் கப்பலில் கால் வைக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

காங்கேசன்துறையில் இறங்கியதும் யாழ் நகருக்கு ஓடிவிடாதீர்கள். கரையோரமாக மேற்கே திரும்புங்கள். கடலை ஒட்டி நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியைக் கடந்து போனால், மாதகலுக்கு அருகே சம்பில்துறை. பழைய பெயர் சம்புகோளப்பட்டினம். அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கிய துறை இதுவே என்கிறது மகாவம்சம். தேவநம்பிய தீசன் என்ற மன்னன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அந்தக் கிளையை எதிர்கொண்டானாம்! அதிலிருந்து முளைத்த முதல் எட்டுக் கன்றுகளில் ஒன்றை இந்தத் துறையிலேயே நட்டார்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. அனுராதபுரத்து மகாபோதியைத் தெரியாதவர் இல்லை. அது கரையேறிய மண் யாழ்ப்பாணத்து மண் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? டிசம்பரில் வரும் உந்துவப் போயா அந்த வருகையைக் கொண்டாடும் நாள். பல ஆண்டுகளில் அது நம் திருக்கார்த்திகை விளக்கீட்டை ஒட்டியே வரும். வாசல் தோறும் வாழைக்குற்றி நட்டுத் தீபம் ஏற்றும் ஊர்களின் வழியே நீங்கள் சம்பில்துறைக்குப் போகலாம்.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் கந்தரோடை. பனைகளின் நடுவே, கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் போலச் சின்னச் சின்னத் தூபிகள் கூட்டமாய் நிற்கின்றன. கட்டியது செங்கல்லால் அல்ல, கடல் தந்த முருகைக்கல்லால்! 1917 அளவில் போல் ஈ. பீரிஸ் இங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் வந்து தோண்டினார்கள். தமிழ் பேசும் நாட்டில் பௌத்தம் எத்தனை ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சாட்சி வேண்டாம். அரை மணியில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பலர். வெயில் தாழ்ந்த பிறகு வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள் என்பேன் நான்.

வல்லிபுரத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு பொன்னேடு கிடைத்தது. ஆண்டு 1936. பிராமி எழுத்து, பிராகிருத மொழி, நாலே வரி. வசபன் என்ற மன்னன் ஆண்டபோது, இசிகிராயன் என்ற அமைச்சன் நாகதீபத்தை நிர்வகித்தபோது, அங்கே ஒரு விகாரை எழுந்தது என்று அறிஞர்கள் அதைப் படித்தார்கள். ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுப் பழமை! அதே ஊரில் கிடைத்த ஒரு புத்தர் சிலை 1906இல் சீயத்து மன்னருக்குப் பரிசாகக் கப்பலேறிப் போனது. இன்று அந்த ஊரில் ஆழ்வார் கோயில், கருவறையில் சக்கரம். புரட்டாதியில் மணல் மேடுகளைக் கடந்து சுவாமி கடலுக்குப் போக, பின்னால் ஆயிரக்கணக்கானோர் மணலில் கால் புதையப் புதைய நடந்து போகிறார்கள்.

நயினாதீவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பாவம். முதலாம் பராக்கிரமபாகு, பொலனறுவையிலிருந்து ஆண்ட சிங்கள பௌத்தப் பேரரசன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவன் இந்தத் தீவில் ஒரு சட்டம் பொறித்தான். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி. ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளைப் பாதுகாக்க வேண்டும் என்றும் கட்டளை. எந்த மொழியில் எழுதினான் தெரியுமா? தமிழில்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடக்கில் பௌத்தச் சின்னம் ஒன்றைக் கண்டால், இது எங்களுடையது என்று ஒரு பக்கமும், இது எங்களுடையது அல்ல என்று மறுபக்கமும் குரல் எழும்புகிறது. இரண்டுமே எனக்கு நோகிறது. மணிமேகலையைப் பாடிய மொழிக்குப் புத்தர் அந்நியரா? பராக்கிரமபாகு தமிழில் எழுதிய தீவில் தமிழ் அந்நியமா? ஆசனத்துக்குச் சண்டை பிடித்த நாக மன்னர்களின் கதையை இரண்டு பக்கத்தாரும் பாட்டனாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

பயணத்துக்குத் திரும்புவோம். வெசாக் நாளைக் குறிக்கும்போது கவனம் தேவை. 2023இல் இலங்கையில் வெசாக் மே 5, தாய்லாந்தில் ஜூன் 3! நம் வைகாசி விசாகமும் சில ஆண்டுகளில் இலங்கை வெசாக்கிலிருந்து ஒரு மாதம் தள்ளி நிற்கும். ஆகவே இலங்கையின் போயா நாட்காட்டியைப் பார்த்தே பயணச்சீட்டு எடுங்கள். வெசாக்குக்கு முந்திய இரவு யாழ் நகரில் தங்கி, ஆரியகுளத்தடி நாக விகாரைப் பக்கம் வெசாக் விளக்குக் கூடுகளைப் பாருங்கள். விடியற்காலை பண்ணைத் தாம்போதி ஏறி, வேலணை தாண்டி, வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவு. இரு பக்கமும் கடல், நடுவே ஒரு கோடு போல வீதி! முடிவில் குறிகாட்டுவான். சனம் நெரியும் நாள் என்பதால் முதல் படகுகளிலேயே போய்விடுவது நல்லது. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். விகாரைக்கு வெள்ளை உடுப்பு, புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மே மாதத்து வெயில் தீவில் நெருப்பாய்க் கொதிக்கும், குடையும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். வெசாக் நாட்களில் வீதியோரம் தன்சல் போட்டு, வருகிறவர் யார் எவர் என்று கேளாமல் சோறும் பானமும் கொடுப்பார்கள். சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்வதைப் பார்த்துவிட்டு, மடங்களில் பந்திக்கு உட்காரலாம். நயினாதீவிலோ, அம்மன் கோயிலுக்கு வரும் அடியாருக்குச் சோறு போடும் அன்னதான சபைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா?

அமுதசுரபி!

படகு ஏறுவதற்கு முதல்நாள் இரவு மணிமேகலையின் பதினோராவது காதையை, பாத்திரம் பெற்ற காதையை, ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள். மறுநாள் மதியம் அந்த அன்னதான மண்டபத்தில் இலை போட்டு உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.