டர்பன் மேடுகளும் நமது கரையோரப் பாதையும்

ஆண்டின் முதற் காலாண்டு வந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள பாடசாலைகள் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்குத் தயாராகிவிடும். அப்போட்டிகளின் தொடக்க நிகழ்ச்சி பெரும்பாலும் மரதன் ஓட்டமே. காலை வேளையில் பிரதான வீதியால் மாணவர்கள் ஓடி வர, படலைகளில் தண்ணீர் வாளிகளுடனும் தோடம்பழத் துண்டுகளுடனும் ஊர் காத்து நிற்கும். முதலாவதாக வருபவர் எந்த இல்லத்தவர் என்று அறியும் ஆவல் ஒருபுறமிருக்க, கடைசியாகத் தள்ளாடி வருபவர் மீதும் ஊருக்கு ஒரு பரிவு இருக்கும்.

இந்த ஓட்டத்தில் துயரமும் நேர்ந்திருக்கிறது. 2024 மார்ச்சில் கிழக்குக் கரையோரத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அத்தகைய இழப்பின் பின்னர் இந்த ஓட்டங்களே வேண்டாம் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால் நெடுந்தூர ஓட்டத்தை ஒரு நூற்றாண்டாக நடத்திவரும் இடங்கள் எதைக் கற்றுக்கொண்டன என்று பார்ப்பது அதனிலும் பயன் தரும். அதற்காகவே தென்னாபிரிக்காவின் கொம்ரேட்ஸ் மரதனைப் பற்றி இங்கு எழுதுகின்றோம். உலகின் மிகக் கடினமான வீதியோட்டங்களில் ஒன்று அது. அது நடைபெறும் டர்பன் நகரமோ தமிழரும் முஸ்லிம்களும் பல தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்துவரும் நகரம்.

இந்த ஓட்டத்தைத் தொடக்கியவர் விக் கிளப்பம் என்ற புகையிரதச் சாரதி. முதலாவது உலகப் போரில் கிழக்கு ஆபிரிக்கக் களத்தில் நெடுந்தூரம் நடந்து திரும்பியவர். மடிந்த தோழர்களுக்குச் சிலை எழுப்புவதிலும் பார்க்க, அவர்கள் பட்ட சிரமத்தை உடலால் உணரச் செய்யும் ஓட்டம் ஒன்றே தக்க நினைவுச்சின்னம் என்று அவர் கருதினார். அனுமதி கேட்டபோது முதலில் மறுக்கப்பட்டது. 1921 மே 24ஆம் திகதி முதலாவது ஓட்டம் நடைபெற்றபோது 34 பேர் புறப்பட்டனர். 16 பேர் மட்டுமே ஓடி முடித்தனர். 2010ஆம் ஆண்டில் ஓடி முடித்தோரின் தொகை 14,000ஐத் தாண்டியது.

முழு மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். கொம்ரேட்ஸ் ஓட்டமோ அதன் இரு மடங்குக்கும் அதிகம். ஏறத்தாழ 85 முதல் 90 கிலோமீற்றர் வரை அமையும். கடற்கரை நகரான டர்பனையும் உள்நாட்டு மலைப்பாங்கான நகரான பீற்றர்மரிற்ஸ்பேர்க்கையும் அது இணைக்கிறது. பின்னைய நகரம் கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கிட்டிய உயரத்தில் உள்ளது. இடையிலே வீதி 800 மீற்றருக்கும் மேலான உயரத்தைத் தொட்டுச் செல்கிறது. கடற்கரையில் புறப்பட்டுக் கண்டி நகரத்தின் உயரத்தையும் தாண்டி ஓடுவதை வாசகர்கள் மனதில் கொள்ளலாம். வழக்கமாக ஓராண்டு டர்பனிலிருந்து மேலே ஏறி ஓடுவர். மறு ஆண்டு மேலிருந்து கடலை நோக்கி இறங்கி ஓடுவர். பாதையில் பெயர்பெற்ற ஐந்து மேடுகள் உள்ளன: கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, பொலி ஷோர்ட்ஸ்.

ஏறி ஓடும் ஆண்டில் பொலி ஷோர்ட்ஸ் மேடு கடைசியாக வருகிறது. எண்பது கிலோமீற்றருக்குக் கிட்டிய தூரம் ஓடியவர் முன்னால் அம்மேடு எழுந்து நிற்கும். முன்னணி வீரர்கள் சிலரைத் தவிர ஏனையோர் அதில் நடந்தே ஏறுகின்றனர். நடப்பதை அங்கு எவரும் இழிவாகக் கருதுவதில்லை. மேட்டில் நடந்து, சமதரையில் ஓடி, மூச்சையும் வலுவையும் மிச்சம் பிடிப்பவரே மாலையில் எல்லைக்கோட்டைத் தொடுகிறார். காலையில் கௌவீஸ் மேட்டில் வேகம் காட்டியவர் பிற்பகலில் வீதியோரம் அமர்ந்துவிடுவதுண்டு.

இறங்கி ஓடும் ஆண்டு இலகுவானது என்று சமதரைவாசிகளாகிய நாம் எண்ணலாம். அனுபவம் மிக்க ஓட்டக்காரர் பலர் இதற்கு மாறாகவே சொல்வர். ஏறும்போது களைப்பது பெரும்பாலும் நெஞ்சும் மூச்சும்தான். இறங்கும்போது தொடையின் முன்புறத் தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டபடியே சுருங்கி, உடலின் முழுப் பாரத்தையும் பிறேக் பிடிப்பதுபோலத் தாங்க வேண்டியுள்ளது. இத்தகைய உழைப்புத் தசை நார்களில் நுண்ணிய கிழிவுகளை உண்டாக்குகிறது. ஃபீல்ட்ஸ் மேட்டின் செங்குத்தான நீண்ட இறக்கத்தை அடையும்போது ஓட்டக்காரர் ஏற்கெனவே ஒரு முழு மரதனுக்கும் அதிகமாக ஓடியிருப்பார். அந்த இறக்கம் முடிந்த பின்னர் வரும் சிறு சமதரையும் அவருக்கு மலையாகத் தெரியும். மறுநாள் படிக்கட்டில் பின்புறமாக இறங்கும் ஓட்டக்காரரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு அங்கு வழக்கமானது.

இத்தனை பெரிய சோதனையைப் பலரும் தாங்குவதற்கு ஒழுங்குகள் காரணமாகின்றன. முன்னதாக ஒரு முழு மரதனைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தவரே இதில் சேரலாம். ஓட்டம் அங்கு மாரி காலமாகிய மே, ஜூன் காலப்பகுதியில், விடியுமுன் இருளில் தொடங்குகிறது. வழி நெடுகிலும் தண்ணீர், உப்புச் சத்து, உணவு ஆகியவை வழங்கும் மேசைகள் இருக்கின்றன. முடிவிடத்தில் பெரிய மருத்துவக் கூடாரம் உண்டு. வெயிலில் நீரிழப்பது ஆபத்து என்பதை எல்லோரும் அறிவர். உப்பின்றி வெறும் தண்ணீரை அளவுக்கு மீறி அருந்துவதும் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிருக்கு உலை வைக்கலாம் என்பதைப் பலர் அறியார். நெடுந்தூர ஓட்டங்களை நடத்துவோர் காலம் தாழ்த்தியே கற்ற பாடம் அது.

ஓட்டக்காரர்களின் அனுபவங்களில் நம்மை ஈர்ப்பது அங்குள்ள ‘பஸ்’ வழக்கம். பழகிய ஓட்டக்காரர் ஒருவர் கொடியையோ அறிவிப்புப் பலகையையோ ஏந்தி, இத்தனை மணித்தியாலத்தில் சென்றடைவேன் என்று அறிவித்து ஓடுவார். அவரே சாரதி. அவர் நடக்கச் சொன்னால் கூட்டம் முழுவதும் நடக்கும். ஓடச் சொன்னால் ஓடும். பாட்டைத் தொடக்கினால் தொடர்ந்து பாடும். முன்பின் அறியாத, ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காத மனிதர்கள் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே கூட்டமாகச் செல்கின்றனர். இன்சாங்காப் பகுதியில் மாற்றுத்திறனாளிச் சிறுவர்களுக்கான பாடசாலைப் பிள்ளைகள் வீதியோரத்தில் கை நீட்டி நிற்பர். களைத்தவர்களும் வேகத்தைக் குறைத்து அக்கைகளைத் தொட்டுச் செல்வர்.

முன்னணி வீரர்கள் ஐந்தரை மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்துவிடுகின்றனர். 2019இல் கேர்டா ஸ்டெயின் ஏற்றப் பாதையை ஆறு மணித்தியாலத்துக்குள் முடித்த முதற் பெண்ணானார். ஆனால் மைதானம் மூச்சை அடக்கிக் காத்திருப்பது பன்னிரண்டாவது மணித்தியாலத்தின் கடைசி நிமிடத்துக்குத்தான். அதிகாரி ஒருவர் ஓட்டக்காரருக்கு முதுகைக் காட்டியபடி கோட்டில் நின்று, நேரம் முடிந்ததும் துப்பாக்கியால் சுடுவார். ஓரடி பிந்தியவருக்கும் பதக்கமில்லை. அந்த நேரத்தில் விழுந்தவரைத் தாங்கிக்கொண்டு, தம் இடத்தையும் பணயம் வைத்து வரும் அந்நியர்களை ஆண்டுதோறும் காணலாம். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் எல்லோரும் முடித்த பின்னரும் தன்னந்தனியே சுற்றுகளை ஓடி முடித்த நம் நாட்டின் கருணானந்தவை ஜப்பானியர் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்ததும் இதே உணர்வினால்தான்.

இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாற்றின் பாதியை மறைத்தவர்களாவோம். ‘தோழர்கள்’ என்று பெயர் சூட்டிய அந்த ஓட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எல்லோரையும் தோழராக ஏற்கவில்லை. வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. 1923இல் பிரான்செஸ் ஹேவேர்ட் என்ற பெண்ணும் 1935இல் ரொபேர்ட் ம்ற்சாலி என்ற கறுப்பினத்தவரும் பதிவின்றியே ஓடி முடித்தனர். அவர்களது பெயர் முடிவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. கறுப்பினத்தவருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் பெண்களுக்கும் 1975இலேயே அனுமதி கிடைத்தது. 1981இல் இனவொதுக்கல் குடியரசின் இருபதாண்டு விழாவோடு ஓட்டம் இணைக்கப்பட்டபோது, புரூஸ் ஃபோர்டைஸ் என்ற வெள்ளையின இளைஞர் கையில் கறுப்புப் பட்டி அணிந்து ஓடினார். ஏளனக் குரல்களுக்கும் தக்காளி வீச்சுக்கும் நடுவே அவர் முதலிடம் பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவர், சாம் ற்ஷபலாலா, 1989இல் முதன்முறையாக வென்றார். ம்ற்சாலியின் பெயரில் பதக்கம் ஒன்று வழங்கப்படத் தொடங்கியது 2019இல். அவர் ஓடி 84 ஆண்டுகளின் பின்னர்.

டர்பன் தமிழர்களின் கதையும் இப்பாதையோடு கலந்தது. 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்திறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளரில் தமிழும் தெலுங்கும் பேசியோர் மிகுதி. இந்துக்களுடன் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். குஜராத்தி முஸ்லிம் வணிகர் பின்னர் வந்தனர். இன்றும் அங்கு தைப்பூசக் காவடியும் கிரே வீதி ஜும்ஆப் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே நகரத்துக்கு உரியவை. ஓட்டத்தின் மறுமுனையான பீற்றர்மரிற்ஸ்பேர்க் புகையிரத நிலையத்திலேதான் 1893இல் காந்தி நிறத்தின் பெயரால் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார்.

அந்நகரத்துக்கும் ஆறாத காயங்கள் உண்டு. 1949 ஜனவரியில் ஆபிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர். 2021 ஜூலையில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் அதே பகை மீண்டும் தலைதூக்கி உயிர்களைப் பலிகொண்டது. ஆகவே ஓட்டம் ஒன்று இனப் பகையைத் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆண்டில் ஒரு நாள் ஒரு வீதி எல்லோருக்கும் உரியதாகிறது; அந்த ஒரு நாளைப் பெறுவதற்கே அவர்களுக்கு 54 ஆண்டுகள் சென்றன. நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே.

இப்போது நம் பாதையைப் பார்ப்போம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். முழு மரதனுக்குச் சற்றே குறைந்த தூரம். கல்லடிப் பாலத்தைக் கடந்தால் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று ஊர்கள் தொடர்கின்றன. ஒரு புறம் வாவி, மறு புறம் கடல். கோயில் மணியும் பாங்கொலியும் மாறி மாறிக் கேட்கும் இந்தப் பாதையில் மேடு என்று சொல்ல, பாலங்களின் ஏற்றத்தைத் தவிர வேறில்லை.

ஆனால் ஊரெல்லையை அடுத்த ஊரார் அஞ்சிக் கடந்த காலம் ஒன்று இப்பாதைக்கு இருந்தது. 1990இலும் அதன் பின்னரும் இரு சமூகங்களும் கண்ட மரணங்களை நாம் இங்கு பட்டியலிடப் போவதில்லை. அவற்றை மறந்த குடும்பம் இக்கரையில் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது இதே கரையில் கோயில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் உயிர் தப்பியவர்களின் தஞ்சமாயின. இரண்டையும் இப்பாதை அறியும்.

கல்லடியிலிருந்து கல்முனை வரை ஆண்டுக்கு ஒரு முறை ஓர் ஓட்டம் ஏன் நடத்தக்கூடாது? மாநகர, நகர, பிரதேச சபைகளும் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் பள்ளிவாசல், ஆலய நிருவாகங்களும் ஒன்றுகூடினால் முடியாத காரியமன்று. பெருமழையும் கடும் வெயிலும் இல்லாத பெப்ரவரி மாதம் அதற்கு உகந்தது. ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்தவுடன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பலர் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். ரமழானும் ஊர்த் திருவிழாக்களும் குறுக்கிடாதவாறு நாளைக் குறிக்க வேண்டும். முழுத் தூரம் ஓட முடியாதோருக்குக் களுவாஞ்சிக்குடியில் முடியும் குறுகிய ஓட்டமும் தேவை. பெண்கள் தத்தம் பண்பாட்டுக்கு ஏற்ற உடையில் ஓடுவதற்கு முதல் ஆண்டிலேயே இடம் வைக்க வேண்டும்; 54 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது உயிர்க் காப்பு. ஓடுவோரின் மருத்துவப் பரிசோதனை, மாதக்கணக்கான பயிற்சி, சில கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர் மேசை, உப்புக் கரைசல், முதலுதவி அறிந்தோர், அம்புலன்ஸ் வண்டிகள் ஆகியவை இல்லாமல் ஓர் அடியும் ஓடலாகாது. பாடசாலை ஓட்டங்களுக்கும் இது பொருந்தும். ஒரு பிள்ளையின் உயிரைக் கொடுத்து நாம் கற்ற பாடம் ஏட்டிலேயே உறங்கக்கூடாது. நீரிழிவும் இருதய நோயும் பெருகிவரும் நம் ஊர்களில், அவசரமின்றிப் பழகிய ஓட்டமும் நடையும் மருந்துக்கு நிகரானவை என்பதையும் மறத்தலாகாது.

தண்ணீர் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பாடசாலை மரதன் நாளில் ஓடி வருவது யார் பிள்ளை என்று கேட்டுவிட்டு நாம் தண்ணீர் நீட்டுவதில்லை. ஆரையம்பதிப் பிள்ளை காத்தான்குடிப் படலையிலும், மருதமுனைப் பிள்ளை பாண்டிருப்புப் படலையிலும் அப்படியே நின்று தண்ணீர் குடித்துச் செல்லும் ஒரு காலைப் பொழுதை ஏற்படுத்துவது பெரியோரின் கையில் உள்ளது. பிள்ளைகள் ஓடுவதற்கு எப்போதோ தயாராகிவிட்டனர்.