பழைய வண்டியும் பாடபேதமும்

பண்டிதனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று என் மாணாக்கர் தம்முள் நகைப்பதுண்டு. பகலெல்லாம் புணர்ச்சி விதியும் யாப்பும் கற்பித்துவிட்டு, மாலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் ஸ்பானருடன் விறகுக் கொட்டிலில் குந்தியிருக்கும் ஆசிரியனைக் கண்டால் நகையாமல் என் செய்வர்? அவர்களை நான் குறைகூறேன். என் மனைவியாரே இன்னும் நகைத்து ஓயவில்லை.

வண்டி என் தந்தையாருடையது. இங்கிலாந்தில் ரெடிச் நகரில் 1954-ஆம் ஆண்டு செய்யப்பெற்ற றோயல் என்பீல்ட் புல்லட். ஒற்றைச் சிலிண்டர், விட்டம் 70 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீற்றர், கொள்ளளவு 346 கன சென்றிமீற்றர். அகலத்தினும் நீளம் மிக்க இவ்வமைப்பினால் அது விரைந்து சுழல்வதில்லை. ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கும் முதிய யானை போல் நிதானமாக முழங்கிக்கொண்டு மலையேறும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரை தமக்கென வருவித்தது. 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது அவர் சீமைக்குத் திரும்பினார். தோட்டத்து மருந்துச்சாலையில் பணியாற்றிய தந்தையாரிடம் சொற்ப விலைக்கு வண்டியைக் கொடுத்துச் சென்றார்.

அதன்பின் அவ்வண்டியின் வாழ்வே மாறிற்று. பேற்றுநோவு, பாம்புக்கடி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று நள்ளிரவில் லயத்திலிருந்து ஆள் ஓடிவந்தால், அடுத்த நாழிகைக்குள் அதன் முழக்கம் கேட்கும். இரண்டு மலைக்கு அப்பால் இருப்போரும், "டொக்டர் ஐயா வண்டி வருது" என்று விளக்கேற்றி வைப்பராம். 1983 ஜூலையில் பதுளை நகர் எரிந்தபோது, தொழிற்சாலைத் தொழிலாளர் சிலர் அதனைக் கொழுந்துச் சாக்குகளின்கீழ் மூன்று வாரம் மறைத்து வைத்தனர். எங்கள் வீட்டுப் பொருள்களில் அன்று தப்பியவற்றுள் பெரியது அதுவே.

1991 மார்கழியில் ஓரிரவு. மழை. வண்டியின் 6 வோல்ட்டு மின்கலம் நைந்திருந்தது. புதியது வாங்க முடியாத காலம். முன்விளக்கு, அகல்விளக்கினும் மங்கிய செம்புள்ளியாக எரிந்தது. சாலையின் ஓரம் மழையில் அரிக்கப்பட்டுப் போயிருந்ததைத் தந்தையார் காணவில்லை. வலக்கால் முழந்தாளின்கீழ் ஒடிந்தது. பழைய புல்லட்டில் உதைத்து இயக்குவதும் வலக்காலே, கியர் மாற்றுவதும் வலக்காலே. ஆகவே அவர் பின்னர் அதில் ஏறவேயில்லை. 2004-இல் அவர் காலமாகும்வரை, ஞாயிறுதோறும் கொட்டிலுக்குச் சென்று அதனைத் துணியால் துடைப்பார், பேசமாட்டார்.

நிற்க. 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகளின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அவ்வேளையில்தான் என் மகள் பசறைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக நியமனம் பெற்றாள். 2022-இல் பெற்றோலும் அருகி, பஸ்களும் அருகின. அடையாளக் குறிகாட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெறலாம் என்ற ஒழுங்கு வந்தது. லீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடும் வண்டி என்றால் 120 கிலோமீற்றர். பாடசாலைகள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் நடந்த அந்நாளில் அஃது எங்களுக்குப் போதும். முப்பதாண்டு உறங்கிய வண்டியை எழுப்புவதென முடிவு செய்தேன்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் பதுளையில் கராஜ் வைத்திருக்கிறார். வகுப்பில் ஆகுபெயருக்கும் அன்மொழித்தொகைக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாமல் என்னிடம் எத்தனையோ முறை வசை கேட்டவர். தாங்கியிலிருந்த துருவைச் சிறுகற்கள் இட்டுக் குலுக்கிக் கழுவியதும், குழாய்களும் டயர்களும் மாற்றியதும் ஒரு வாரத்தில் முடிந்தன. பழைய பிரேக் உறைகளைத் திறக்கும்போது மாத்திரம் அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அக்காலத்துப் பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார். இத்துணை அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். என்னிடமிருந்து வரவில்லை என்பது உறுதி.

வண்டி எழுந்தது, ஆயினும் ஒரு வியாதி. காலையில் ஓருதையில் முழங்கும். ஐந்தாறு கிலோமீற்றர் மலையேறியதும் தும்மும், இருமும், நின்றுவிடும். அரைமணி நேரம் தேயிலை பார்த்துக்கொண்டு நின்றால் மீண்டும் ஓடும். நான் என் புலமையை யெல்லாம் காட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றினேன், பிளக்கை மாற்றினேன், பெற்றோல் குழாயில் அடைப்பென்றேன். பிழை ஓரிடத்தில் இருக்க, பதிப்பாசிரியன் வேறோரிடத்தைத் திருத்தி நல்ல பாடத்தையும் கெடுப்பது போன்ற செயல் அது. மூன்றாம் முறை வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றபோது மாணாக்கர் ஒரு கேள்வி மாத்திரம் கேட்டார்.

"ஐயா, ஆறினாப் பெறகு தானா ஓடுதா?"

"ஓடுகிறது."

"அப்ப பெற்றோல் இல்லீங்க. மெக்னற்றோ."

மெக்னற்றோ என்பது, மின்கலத்தின் உதவியின்றித் தானே சுழன்று தீப்பொறி பிறப்பிக்கும் கருவி. அதனுள்ளே கொண்டென்சர் என்றோர் உறுப்பு உண்டு. மெல்லிய உலோகத் தகடுகளை மின் பாயாத தாள்களுக்கிடையே அடுக்கிச் செய்தது. எழுபதாண்டில் அத்தாள் நைந்துவிடும். குளிர்ந்திருக்கும்வரை சமாளிக்கும், இயந்திரம் சூடேறியதும் மின்னைக் கசியவிடும், தீப்பொறி நலியும், வண்டி நிற்கும். ஆறினால் மீண்டும் உயிர்க்கும். ஏட்டில் எழுத்தெல்லாம் தெளிவாக இருக்க, ஒரு புள்ளி இல்லாமையால் பொருள் முழுதும் மாறுவதில்லையா? அத்தகையதே இதுவும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒருவர் மெக்னற்றோவின் சுருளைப் புதிதாகச் சுற்றி, நகத்தளவேயான புதிய கொண்டென்சரை உள்ளே பொருத்தித் தந்தார். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு எந்த மாற்றமும் தெரியாது. வண்டி அதன்பின் ஒரு நாளும் மலையில் நின்றதில்லை.

இதற்கிடையே பழைய வண்டிகள் சேர்க்கும் கனவான் ஒருவர் தலைநகரிலிருந்து வந்தார். முன்விளக்கைத் தடவினார், தாங்கியின் மேலுள்ள பொற்கோட்டை மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நோக்கினார். பிறகு ஒரு தொகை சொன்னார். என் ஓராண்டுச் சம்பளத்திலும் மிகுதி. "ஆனால் பண்டிதர், ஒரு நிபந்தனை. இனி எதையும் மாற்றக்கூடாது. மூலம் மூலமாகவே இருக்க வேண்டும்" என்றார். அச்சொல் என் நெஞ்சுக்கு இனித்தது. மூலபாடத்தைக் காப்பதே புலவன் கடன் என்று முப்பதாண்டு போதித்தவன் அன்றோ நான்? வீட்டுக் கூரையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆறு மாதத் தவணை கேட்டு அவரை அனுப்பினேன்.

அந்த ஆறு மாதத்துக்குள் ஒருநாள் மாலை. மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பசறைச் சாலையில் இறங்கி வருகிறேன். சாலையின் குறுக்கே ஓடிய நீரைக் கடந்தேன். பிழை என்னுடையது, கீழ்க் கியரில் இறங்க வேண்டிய சரிவில் மேல் கியரில் இறங்கினேன். அடுத்த வளைவில் முன்பிரேக்கை அழுத்தினேன். ஆறங்குல உறை, நனைந்த பட்டை, இருவர் பாரம். கைப்பிடி இரும்போடு போய்ச் சேர்ந்தது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை மிதித்துக் கியரை இறக்கி, மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினேன். ஒருவருக்கும் காயமில்லை. மகள் இறங்கிச் சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, "நடந்து போவமா அப்பா?" என்று மட்டும் கேட்டாள். மறுபுறம் பள்ளம். பசறையிலிருந்து மொனராகலை செல்லும் பாதையில் 2021 மார்ச் 20-ஆம் தேதி பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் போனதை இவ்வூரார் மறந்திலர். நானும் அன்றிரவு உறங்கவில்லை.

மறுநாள் அன்னையார், எண்பதைக் கடந்தவர், திண்ணையிலிருந்தபடியே சொன்னார்: "அந்த வெளிச்சத்தையும் பிரேக்கையும் மாத்திப்புடு தம்பி. அப்பா காலு ஒடிஞ்சதே போதும்."

மாற்றத் துணிந்தபோதுதான் ஒரு வேடிக்கையை அறிந்தேன். இவ்வண்டி பிறந்த ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் குலம் அழியவில்லை. சென்னையை அடுத்த திருவொற்றியூரில், 1955-இல் தொடங்கிய என்பீல்ட் இந்தியா நிறுவனம், முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பகுதிகளை இணைத்தும், பின்னர் எல்லாவற்றையும் தானே வார்த்தும் கடைந்தும், அதே புல்லட்டைச் சில திருத்தங்களோடு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவந்தது. மூல ஏடு பிறந்த ஊரில் மறைய, படியெடுத்த ஊரில் பாடம் வாழ்ந்தது! யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தமிழகத்தில் ஏடு தேடி 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த கதையை மாணாக்கர்க்குச் சொல்லும்போது, இந்த வண்டியின் கதையும் இப்போது என் நாவுக்கு வந்துவிடுகிறது; அடக்கிக்கொள்கிறேன்.

சென்னை சென்ற உறவினர் ஒருவர் புதுப்பேட்டையில் தேடி, ஏழங்குல முன்பிரேக்கின் உறையையும் தட்டையும் சேலைப் பொதிகளுக்கிடையே கொண்டுவந்தார். பழைய பிரேக்கில் இரண்டு பட்டைகளுள் ஒன்றே சக்கரம் சுழலும் திசையோடு ஒத்துக் கவ்வும். இதில் இரண்டும் அவ்வாறு கவ்வும். சிறிது கடைசல் வேலையின்பின் பொருந்திற்று. டைனமோ பழையதே, ஆயினும் அதன் மின்னை ஒழுங்குசெய்யும் பெட்டியை மாற்றி 12 வோல்ட்டு ஆக்கினோம். முன்பிருந்த 30 வாட் குமிழுக்குப் பதிலாக அதனினும் குறைந்த மின்னில் இயங்கும் எல்.ஈ.டி. விளக்கு. முதன்முறை ஏற்றியபோது எதிர்மலைத் தேயிலையின் நிரைகள் தனித்தனியே தெரிந்தன. அன்னையார் திண்ணையிலிருந்து எழுந்து வாசல்வரை வந்து நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

தாங்கிக்கும் புது வர்ணம் பூசலாம் என்று மாணாக்கர் ஆசைப்பட்டார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. இடப்பக்கத்தில் பொற்கோட்டுக்குக் கீழே வர்ணம் தேய்ந்து உலோகம் தெரியும் ஓரிடம் உண்டு. தந்தையாரின் மருந்துப்பையின் வார் பதினாறு ஆண்டு உராய்ந்த இடம் அது. வழுக்கிவிழச் செய்யும் பிழை வேறு. வாழ்ந்ததின் வடு வேறு.

கனவான் ஆறு மாதம் கழித்து வந்தார். விளக்கைக் கண்டதும் முகம் வாடிற்று. முன்சக்கரத்தைக் கண்டதும் முழுவதும் கருகிற்று. "கெடுத்துவிட்டீர்களே, பண்டிதர்!" என்றார். நான் உள்ளே சென்று ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியும் ஒரு நாற்பதுபக்கக் கொப்பியும் கொண்டுவந்து வைத்தேன். உ. வே. சாமிநாதையர் தாம் ஏற்காத பாடங்களை எறிந்துவிடவில்லை. அடிக்குறிப்பிலே பாடபேதமாகக் காட்டினார். சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டார். நானும் அவ்வண்ணமே கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் எண்ணெய்த்துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்து, எந்நாள், எக்காரணத்தால், எதனை மாற்றினேன் என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். ஆறங்குலப் பிரேக், 6 வோல்ட்டு ஒழுங்குப்பெட்டி, மங்கிய அந்தக் குமிழ் யாவும் அங்கே உள. நாளை வேறொருவர் மூலமே வேண்டுமென்றால் ஒரு நாளில் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.

கனவான் கொப்பியைப் பொறுமையாகப் புரட்டினார். முன்பு சொன்னதில் பாதித் தொகை தருவதாகச் சொன்னார். நான் தேநீர் கொடுத்து அனுப்பினேன். கூரை இன்னும் ஒழுகுகிறது. தகரம் வாங்கியாயிற்று, ஆணிதான் அடிக்க வேண்டும். 2025-இல் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் மகளுக்கு ஒரு சிறு ஸ்கூட்டர் வாங்கலாமா என்ற பேச்சும் வீட்டில் நடக்கிறது. மழை நாளில் மட்டும் அவள், "அப்பா, பெரிய வண்டியிலேயே போவம்" என்கிறாள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு மீதமிருக்கிறது. இயந்திரத்தின் அடியிலிருந்து இரவுதோறும் கொட்டில் தரையில் ஒரு ரூபாய் நாணயத்தளவு எண்ணெய் சொட்டுகிறது. மூன்று முறை திறந்து மூடியும் நிற்கவில்லை. தந்தையார் காலத்திலும் இதே இடத்தில் இதே அளவு சொட்டியதாக அன்னையார் உறுதியாகச் சொல்கிறார். ஆகவே அதன்கீழ் ஒரு சிரட்டையை வைத்துவிட்டு, "இவ்விடம் மூலத்தில் உள்ளவாறே" என்று எழுதியிருக்கிறேன்.