ஐன்ஸ்டைன் சொன்னதை இன்னும் ஏன் சோதிக்கிறார்கள்?

அடகுக் கடையில் கவனித்திருக்கிறீர்களா? போன மாதம் உரசிப் பார்த்த அதே நகைதான். இன்றும் உரைகல்லை எடுப்பார்கள்.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டையும் விஞ்ஞானிகள் நூறாண்டுக்கு மேலாக இப்படித்தான் உரசுகிறார்கள்.

2011-ல் ஓர் உரசல் எல்லோரையும் திகைக்க வைத்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து நியூட்ரினோ துகள்கள் பூமிக்கடியில் சுமார் 730 கிலோமீட்டர் பாய்ந்து இத்தாலிக்குப் போயின. ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாகவே வந்துவிட்டதாகக் கடிகாரம் காட்டியது! ஒளியை எதுவும் முந்தாது என்பதல்லவா 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்ன கோட்பாடு?

'ஐன்ஸ்டைன் தவறமாட்டார்' என்று விட்டுவிடவில்லை. மாதக்கணக்கில் கருவிகளைத் துருவினார்கள். சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி அகப்பட்டது. 2012-ல் மீண்டும் அளந்தார்கள், நியூட்ரினோ முந்தவில்லை.

உங்கள் செல்போன் வழிகாட்டியும் தினமும் சார்பியலைச் சோதிக்கிறது. அதற்கு நேரம் சொல்லும் செயற்கைக்கோள் கடிகாரம், தரையிலுள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும். சார்பியல் சொல்லும் அந்தத் திருத்தத்தைப் போடாவிட்டால், ஒரே நாளில் சுமார் பத்துக் கிலோமீட்டர் பிசகும்.

அப்படியானால் கேள்விக்கே இடமில்லையா? நிச்சயம் உண்டு. கருந்துளையின் நடுவில் 1915-ன் பொதுச் சார்பியல் கணக்கு முடிவிலியில் போய் முட்டி நிற்கிறது. அணுவுக்குள் ஆளும் குவாண்டம் விதிகளோடும் அது இன்னும் ஒட்டவில்லை. அடுத்த உரசல் அங்கேதான் விழ வேண்டும்.