முதலாம் ஆண்டு மாணவரின் உரிமைகளும் தவறவிடக் கூடாத நாட்களும்

ரொறன்ரோவில் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கும் மாணவர், ஸ்காபரோவில் வளர்ந்தவராயினும் யாழ்ப்பாணத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ கல்வி அனுமதி பெற்று வந்தவராயினும், முதலாம் ஆண்டில் இழக்க நேரும் புள்ளிகள், பணம், மனநிம்மதி ஆகியவற்றுள் பலவற்றை, உரிய நாளுக்குள் உரிய அலுவலகத்தில் கேட்டால் காத்துக்கொள்ள முடியும். ரொறன்ரோப் பல்கலைக்கழகம், யோர்க் பல்கலைக்கழகம், 2022ஆம் ஆண்டுவரை ரயர்சன் என்ற பெயரில் இயங்கிய ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் நிவாரண வழிகள் எழுத்தில் உள்ளன; ஆனால் அவை மாணவரைத் தேடி வருவதில்லை, பலவற்றுக்குக் கடைசி நாளும் உண்டு.

உயர்நிலைப் பள்ளியில் தொண்ணூறுக்கு மேல் பெற்றுப் பழகியவர், பல நூறு பேர் அமரும் விரிவுரை மண்டபத்துக்கு மாறியபின் இடைப்பருவத் தேர்வில் ஐம்பதுகளைக் காண்பது அரிதன்று. அந்நிலையில் அவர் முதலில் அறிய வேண்டியது, ஒரு பாடத்தைக் கைவிடுவதற்கு இருவேறு கடைசி நாட்கள் உண்டென்பதாகும்: முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறுவதற்கான நாள் பருவத்தின் தொடக்கத்திலேயே கடந்துவிட, சராசரியைப் பாதிக்காமல் விலகுவதற்கான நாள் அதற்குச் சில வாரங்கள் பின்னரே வருகிறது. இரண்டாவது நாளும் கடந்தபின், நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களைச் சான்றுடன் எடுத்துரைத்து விதிவிலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் பீடத்தில், 4.0இற்குக் கணக்கிடப்படும் தரப்புள்ளிச் சராசரி 1.50இற்குக் கீழே இறங்கினால் மாணவர் கல்விக் கண்காணிப்பு நிலையில் வைக்கப்படுகிறார். நிலையைச் சீர்செய்யத் தரப்படும் இந்த அவகாசத்தை வெளியேற்றம் என்று எண்ணி ஒளித்துக்கொள்வோர், உதவி கேட்கக்கூடிய மாதங்களையே வீணாக்கிவிடுகின்றனர். வெளிநாட்டு மாணவருக்கு இதில் மற்றோர் ஆபத்தும் இருக்கிறது: புள்ளிகளைக் காக்கப் பாடத்தைக் கைவிடுகையில் முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விட்டால், வளாகத்துக்கு வெளியே வேலை செய்யும் உரிமையும் பட்டத்துக்குப் பின்னான வேலை அனுமதியும் பாதிக்கப்படலாம் என்பதால், கைவிடுமுன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டறிவது இன்றியமையாதது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியதும் உண்டு. தகவல் பெறுதலையும் தனியுரிமையையும் காக்கும் ஒன்ராறியோச் சட்டம் 2006 முதல் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்துவதால், மாணவரின் பெறுபேறுகளை அவருடைய இசைவின்றிப் பெற்றோருக்குக்கூடப் பல்கலைக்கழகம் வெளியிடுவதில்லை. பள்ளி அறிக்கை அட்டை வீடு தேடி வந்த காலம் முடிந்துவிட்ட பின்னர், வீட்டுக்குத் தெரிவது பிள்ளை சொல்வது மட்டுமே. தோல்வியைச் சொன்னால் ஏச்சும் ஒப்பீடும்தான் கிடைக்கும் என்று அஞ்சும் பிள்ளை எதையும் சொல்லாது. இந்த மௌனம் குறைந்த புள்ளிகளைவிடக் கொடியது.

மனச்சோர்வு, பதகளிப்பு முதலியவற்றால் படிப்புத் தடைப்படும்போது, ஒன்ராறியோ மனித உரிமைக் கோவையின்படி மாணவர் தமது தேவைக்கேற்ற வசதி கோரலாம். தேர்வுக்குக் கூடுதல் நேரம், ஒப்படைக்குத் தவணை நீட்டிப்பு போன்ற ஏற்பாடுகள் இதில் அடங்கும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் பலரைத் தடுக்கிறது. ஆனால் யோர்க் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் முறைப்பாட்டைத் தொடர்ந்து 2016இல் எட்டப்பட்ட தீர்வு இவ்வச்சத்துக்கு விடையளித்தது: படிப்பில் என்ன இடர்ப்பாடு ஏற்படுகிறது என்பதை மருத்துவர் உறுதிசெய்தால் போதும், உளநோயின் பெயரை வெளியிட வேண்டியதில்லை. மாணவர் உளநலக் கொள்கை ஒன்றை ஒவ்வொரு பொதுப் பல்கலைக்கழகமும் கொண்டிருக்க வேண்டுமென்பதையும் 2024இல் நிறைவேறிய மாகாணச் சட்டம் கட்டாயமாக்கியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமானால், மாணவரோ அவரைக் குறித்து அஞ்சும் உறவினரோ 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடைக்கிறது.

வாடகை விடயத்தில் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் மாணவருக்கும் உரியது. கடைசி மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதற்கு வீட்டுக்காரருக்கு உரிமையுண்டு. சேதத்துக்கென்று வைப்புப்பணம் வாங்கவோ பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்தவோ உரிமையில்லை, கேட்டால் பற்றுச்சீட்டும் இலவசமாகத் தர வேண்டும். தகராறுகளை நில உரிமையாளர், வாடகைக்காரர் சபை விசாரிக்கிறது. எனினும் வீட்டுக்காரருடனோ அவர் குடும்பத்தினருடனோ சமையலறையையோ குளியலறையையோ கட்டாயம் பகிர வேண்டிய அறைக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால், தெரிந்தவர் வீட்டு நிலவறையில் ஓர் அறை எடுப்பவர் வாய்ப்பேச்சை நம்பாது நிபந்தனைகளை எழுத்தில் பெறுவது நல்லது.

2024 நவம்பர் முதல், தகுதியுள்ள வெளிநாட்டு மாணவர் பருவ காலத்தில் வாரத்துக்கு 24 மணிநேரம் வரை வளாகத்துக்கு வெளியே வேலை செய்யலாம். அவ்வரம்பை மீறினால் கல்வி அனுமதிக்கே ஆபத்து என்பதை அறிந்த சில முதலாளிகள், கைக்காசுக்குக் கூடுதல் நேரம் வேலை வாங்கிவிட்டு, காட்டிக்கொடுப்போம் என்ற மிரட்டலையே சம்பளத்தைக் குறைக்கும் கருவியாக்குகின்றனர். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டொலர், பொதுவாக முதலாளி கட்டாயமாக்கும் பயிற்சி நேரத்துக்கும் ஊதியம் உண்டு. அது கிடைக்காதவர் தொழில் அமைச்சிடம் வழக்கறிஞரின்றி, கட்டணமின்றி முறைப்பாடு செய்யலாம். ஊதியம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அதற்கு அவகாசமுண்டு, முறைப்பாடு செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவதையும் தண்டிப்பதையும் சட்டம் தடைசெய்கிறது. வேலை செய்த நாட்களையும் மணிநேரத்தையும் மாணவர் முதல் நாளிலிருந்தே தம் கையாலேயே குறித்து வைத்திருந்தால், முதலாளியிடம் பதிவேடு இல்லாதபோதும் அக்குறிப்பு சான்றாக உதவும்.